பலகாரச் சம்படம்

(பாளையங்கோட்டையில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. டவுனில் துணிக்கடைகளுக்குள் நுழைய முடியவில்லை. வீடுகளில் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு மருத்துவனை மேடை ஏற்றினால் அவன் என்ன பேசுவான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அதைத் தின்னாதே, இதைத் தொடாதே என்பான் என்று நினைத்திருப்பீர்கள். அதைச் சொல்ல நான் வரவில்லை. நானும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். திருநெல்வேலியில் நின்றுகொண்டு அல்வாவைத் தொடாதே என்று சொல்ல என் மனம் ஒப்பாது.

பிறகு எதைப் பேச வந்தேன்? தீபாவளியில் தொடங்கி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று நடந்து, பொங்கலில் முடிகிறதே ஒரு காலம், அந்தக் காலத்தில் நம் உடம்புக்கு என்ன நேர்கிறது என்பதைப் பேச வந்தேன். எடை எப்போது ஏறுகிறது? எங்கிருந்து ஏறுகிறது? யார் ஏற்றுகிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் தின்னாதே என்ற சொல்லே தேவைப்படாது.

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பல ஆண்டுகளாக என்னிடம் வருகிறவர். சர்க்கரை நோய் உண்டு, ஒழுங்காக மாத்திரை போடுவார், காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடப்பார். புரட்டாசியில் அவருடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.8. தை மாதம் பார்த்தால் 7.9. எடை இரண்டு கிலோ கூடுதல். எனக்கே திகைப்பாக இருந்தது.

"அண்ணாச்சி, தீபாவளிக்கு நல்லாச் சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்ல டாக்டர். தீவளி அன்னைக்கு ரெண்டே ரெண்டு இட்லி, ஒரு வடை. அல்வாவ நாக்குல வச்சுப் பாத்தேன். அவ்வளவுதான்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவிதான் மீதியைச் சொன்னார். "அன்னைக்கு ஒண்ணுமே திங்கல டாக்டர். அதுக்கப்புறந்தான். டிவி பாக்கும்போது ஒரு முறுக்கு. காப்பிக்கு ஒரு அதிரசம். ராத்திரி படுக்கப்போகதுக்கு முன்னால சம்படத்தத் தொறந்து ஒரு மைசூர்பாகு. சம்படம் காலியாகதுக்குள்ள கார்த்திகைப் பொரி உருண்ட வந்துட்டு. அது காலியாகதுக்குள்ள பக்கத்து வீட்டுல இருந்து கிறிஸ்துமஸ் கேக்கு வந்துட்டு."

அந்த அம்மா சொன்னதில் இருக்கிறது இன்றைய பேச்சு முழுவதும். பண்டிகை நாள் அவரை ஒன்றும் செய்யவில்லை. பண்டிகைக்குப் பிறகு வீட்டில் நின்றுபோன பலகார டப்பா, அந்தச் சம்படம் செய்தது. இலை ஒரு நாள்; சம்படம் பொங்கல் வரை!

இதை என் வீட்டுத் திண்ணைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். தீபாவளி அன்று ஒருவர் வயிறு முட்டச் சாப்பிடுகிறார். காலையில் இட்லியும் கறிக்குழம்பும், நடுவில் வடை, சுழியன், மதியம் பாயசத்தோடு சாப்பாடு, மாலையில் அல்வா. வழக்கத்தைவிட 1,500 கலோரி அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது 200 கிராம் கொழுப்புக்கூட ஆகாது. மறுநாள் எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறதே என்பீர்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு சேமித்து வைக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். முறுக்கிலும் மிக்சரிலும் இருக்கும் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் அது இறங்கிவிடும். மறுநாள் எடைக்கருவியைப் பார்த்து மனம் உடைந்து, போனது போகட்டும், இனிப் பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்களே, அவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

இனிச் சம்படத்தின் கணக்கு. 50 கிராம் அல்வாவில் ஏறக்குறைய 200 கலோரி. தினமும் ஒன்று. தீபாவளி முதல் பொங்கல் வரை சுமார் 75 நாள். பெருக்கினால் 15,000. ஏட்டுக் கணக்கில் இரண்டு கிலோ. உடம்பு ஏட்டுக் கணக்கை அப்படியே பின்பற்றாது, கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளும். பாதி என்றாலும் ஒரு கிலோ. அந்த 200 கலோரியை நடந்து கரைக்க வேண்டுமானால் 60 கிலோ எடையுள்ளவர் தினமும் முக்கால் மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும். சம்படத்தைத் திறந்து மூட அரை நிமிடம் ஆகுமா?

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே நவம்பரில் நன்றி நவிலும் நாள், பிறகு கிறிஸ்துமஸ், பிறகு புத்தாண்டு. 195 பேரைத் தொடர்ந்து எடை பார்த்து, 2000ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். அந்த ஆறு வாரத்தில் ஏறியது சராசரியாக 370 கிராம். அவ்வளவுதானா என்று தோன்றும். அடுத்ததைக் கேளுங்கள். அந்த எடை கோடையில் இறங்கவே இல்லை. ஓராண்டு கழித்து மறுபடி வந்தவர்களைப் பார்த்தபோது ஆண்டு முழுவதும் கூடிய எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். ஆண்டில் கூடியதில் பெரும்பகுதி அந்த ஆறு வாரத்தில் கூடியது!

இதன் பொருள் என்ன? முப்பது வயதில் 62 கிலோ இருந்தவர் ஐம்பத்தைந்து வயதில் 74 கிலோ ஆகி நிற்கிறார். எப்போது ஏறியது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆண்டுக்கு அரைக் கிலோ. யார் கண்ணுக்குத் தெரியும்? ஒவ்வொரு பண்டிகைக் காலமும் ஒரு கைப்பிடி வைத்துவிட்டுப் போகிறது. அடுத்த ஆண்டு வந்து அதன் மேல் இன்னொரு கைப்பிடி வைக்கிறது.

பெரியோர்களே! நம் முன்னோர் பண்டிகை கொண்டாடவில்லையா? நம்மைவிட நன்றாகவே கொண்டாடினார்கள். அவர்களுக்கு ஏன் இந்தத் தொல்லை வரவில்லை? முதலில் ஒரு கசப்பான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்களில் பலருக்கு மற்ற நாட்களில் சாப்பாடு போதவில்லை. நாங்குநேரிப் பக்கத்துக் கிராமங்களில் என் பாட்டி காலத்தில் இட்லியே தீபாவளிக்குத்தான். மற்ற நாளெல்லாம் கூழ், சோளச்சோறு, பழையது. அந்தப் பஞ்சத்தைப் பொற்காலம் என்று நான் புகழ மாட்டேன். இன்று தினமும் இட்லி கிடைப்பது நல்ல காலம்தான்.

ஆனால் இன்னும் இரண்டு காரணம் இருந்தது, அவை வறுமையால் வந்தவையல்ல. ஒன்று, பலகாரத்துக்குள் உழைப்பு இருந்தது. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகுமுன் உரலில் இடித்து, சலித்து, பாகு பதம் பார்த்து, அடுப்புக்கு முன் உட்கார்ந்து சுட்டு எடுத்தால்தான் அதிரசம். நாலு பெண்கள் சேர்ந்து ஒரு பகல் முழுக்க இடித்தால் கிடைப்பது ஒரு பானை. இன்று ஒரு போன் போட்டால் ஐந்து கிலோ வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது.

இரண்டாவது, பலகாரம் வீட்டில் தங்கவில்லை. தீபாவளி அன்று காலையிலேயே தட்டு கிளம்பிவிடும். துணி போட்டு மூடிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்கள். பள்ளிவாசல் தெருவுக்குப் போகும், வேதக்கோயில் தெருவுக்குப் போகும், துணி வெளுக்கிறவர் வீட்டுக்கும் முடி திருத்துகிறவர் வீட்டுக்கும் போகும். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அந்தத் தட்டு நிறைந்து திரும்பி வரும். கொடுக்கக் கொடுக்கச் சம்படம் காலியாகிவிடும். மூன்றாம் நாள் பிள்ளைகள் சம்படத்தை ஆட்டிப் பார்த்தால் உடைந்த முறுக்கின் சத்தம்தான் கேட்கும். இன்று என்ன நடக்கிறது? அலுவலகத்தில் ஒரு பெட்டி, தீபாவளிச் சீட்டுக்காரர் ஒரு பெட்டி, சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பெட்டி, தலைதீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். வருகிற பெட்டி எல்லாம் குளிர்பெட்டிக்குள் அடைகிறது. பலகாரம் ஊசிப்போகும் என்ற பயம் நம் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டி வந்து அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது.

நம் அல்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டுகிற பண்டம். அதை எப்படித் தின்றோம்? நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் போய் நின்று, ஐம்பதோ நூறோ கிராம் வாங்கி, சூடு ஆறுமுன் கையில் நெய் ஒட்டத் தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நடந்தோம். அத்தோடு முடிந்தது. அந்த ருசி அடுத்த முறை டவுனுக்குப் போகும் வரை நாக்கில் நின்றது. அதே அல்வாவை அரைக் கிலோ பெட்டியாக வாங்கி வந்து குளிர்பெட்டியில் வைத்து, கெட்டியாகிப்போனதை ராத்திரி பத்து மணிக்குக் கரண்டியால் வெட்டித் தின்கிறோமே, அதில் அந்த ருசி உண்டா? நெய் உறைந்து, சூடு போய், மணம் போய், வெறும் சர்க்கரைதான் மிச்சம். ருசியில் பாதி இல்லை; கலோரியில் ஒன்றுகூடக் குறையவில்லை! அல்வாவை மதிக்கிறவர் அதைச் சூடாக, கொஞ்சமாக, கடைவாசலில் நின்று தின்பார். நான் சொல்லும் பத்தியம் இவ்வளவுதான்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நம் நாட்காட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. அமாவாசை முடிந்த மறுநாளே கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. ஆறு நாள். ஆயிரக்கணக்கானவர்கள் திருச்செந்தூரில் கோயில் வளாகத்திலேயே தங்கி விரதம் இருக்கிறார்கள். விருந்து முடிந்த கையோடு விரதம்! அதற்கு முன்னால் குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்கள் மாலை போட்டு விரதம் இருந்துவிட்டுத்தான் வருகிறார்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறும் திருவருகைக் காலம், ஆயத்தத்தின் காலம். இவையெல்லாம் எடை குறைக்க ஏற்பட்டவை என்று நான் சொல்லவில்லை. அவை பக்திக்காக ஏற்பட்டவை. ஆனால் விருந்துக்கு எல்லை வைத்த ஒரு ஒழுங்கு அவற்றில் இருந்தது. விருந்தை மட்டும் வைத்துக்கொண்டு எல்லையைக் கழற்றிவிட்டோம்.

இங்கே சர்க்கரை நோயாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை. மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினி விரதம் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் பிடிக்காதீர்கள். அதேபோல, இனிப்புத் தின்னப்போகிறோம் என்று மாத்திரையைக் கூடுதலாக ஒன்று விழுங்கும் பழக்கமும் வேண்டாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் இப்படிச் செய்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

நமக்கெல்லாம் எதற்கு இந்தக் கவலை, நாம் ஒல்லிதானே என்று சிலர் நினைக்கலாம். 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக். இன்னொருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான்: 22.3. பார்க்க இருவரும் ஒல்லி. உள்ளே இருந்த கொழுப்பை அளந்தால் யுட்கின் உடம்பில் 9.1 சதவீதம். நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம்! இந்தியர்களின் உடம்பு இதுதான். கை கால் ஒல்லி, வயிற்றுக்குள் கொழுப்பு. அதனால்தான் மற்ற நாட்டாருக்கு 25க்கு மேல் அதிக எடை என்றால், நமக்கு 23லேயே எச்சரிக்கை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்றது. தமிழ்நாட்டில் இருபது வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இந்த அரங்கில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நமக்கு இரண்டு கிலோ என்பது சின்ன விஷயம் அல்ல. அது வயிற்றில் போய்த்தான் உட்காரும். வயிற்றில் உட்கார்ந்தால் சர்க்கரைக்குக் கதவு திறக்கும்.

அந்தக் கதவை எப்படி மூடுவது? இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 2016, 2017 கிறிஸ்துமஸ் காலங்களில் 272 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பாதிப் பேரை அடிக்கடி எடை பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். சில எளிய யோசனைகள் கொடுத்தார்கள். இந்தப் பண்டத்தைத் தின்றால் இவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு நலவாழ்வு பற்றிய ஒரு துண்டுத்தாள் மட்டும். பண்டிகை முடிந்து பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் ஏறக்குறைய அரைக் கிலோ வித்தியாசம். மருந்து கிடையாது, பட்டினி கிடையாது. கவனித்தார்கள், அவ்வளவுதான். கவனித்தவர்களுக்கு ஏறவில்லை.

நாமும் கவனிக்கலாம். ஆனால் நம் உடை நம்மைக் கவனிக்க விடுவதில்லை. வேட்டியும் சேலையும் எவ்வளவு வயிறு வளர்ந்தாலும் இடம் கொடுக்கும். பேண்ட்டுக்குப் பெல்ட்டில் ஒரு துளை தள்ளினால் தெரிந்துவிடும், வேட்டிக்குத் தெரியாது. ஆனால் நம்மிடம் வேறொன்று இருந்தது. அரைஞாண் கயிறு! பிள்ளைக்கு இடுப்பில் கட்டிவிட்டு, அது இறுகும்போதெல்லாம் தாய் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவாள். பிள்ளைக்கு அது வளர்ச்சியின் அளவு. நாற்பது வயது தாண்டியவர் இடுப்பில் அது இறுகினால் அது நோயின் அளவு. ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டக் கூடாது. நமக்கென்று மருத்துவர்கள் வகுத்த அளவு இது.

சில தவறான நம்பிக்கைகளையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். உடன்குடிக் கருப்பட்டியில் செய்தால் சர்க்கரை ஏறாது என்கிறார்கள். கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமை. ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான், வெல்லமும் சர்க்கரைதான். இரத்தத்துக்குள் போனபின் நிறம் கிடையாது. சர்க்கரை சேர்க்காத இனிப்பு என்று விற்பதில் நெய்யும் முந்திரியும் மாவும் அப்படியே இருக்கின்றன. பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது இதயத்துக்குக் கேடு. தீபாவளி லேகியம் தின்றால் எல்லாம் செரித்துவிடும் என்கிறார்கள். சுக்கும் மிளகும் திப்பிலியும் ஓமமும் வயிற்றுக்கு இதம்தான். ஆனால் செரித்தது எங்கே போகும் என்று யோசித்தோமா? செரித்தால்தான் உடம்பில் சேரும்!

இப்போது தாய்மார்களிடம் பேச வேண்டும். பண்டிகையில் அதிகம் உழைப்பது நீங்கள். கடைசியில் சாப்பிடுவதும் நீங்கள். பிள்ளைகள் கடித்து வைத்த பாதி லட்டு, உடைந்துபோன முறுக்கு, அடியில் ஒட்டிய பாயசம், இதையெல்லாம் "வீணாப் போகுமே" என்று வாயில் போட்டுக்கொள்கிறீர்கள். என்னிடம் வரும் பெண்களில் எத்தனை பேர் இதைச் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார்கள்! "நான் உக்காந்து ஒரு நாளும் சாப்பிடல டாக்டர், ஆனா எடை மட்டும் ஏறுது" என்கிறார்கள். உண்மைதான். உட்கார்ந்து சாப்பிட்டதை மட்டும் அவர்கள் சாப்பாடு என்று எண்ணுகிறார்கள். தாய்மார்களே, மிச்சத்தை இடும் பாத்திரம் அல்ல உங்கள் உடம்பு. உங்களுக்கென்று ஓர் இலை போடுங்கள். உட்காருங்கள். எல்லோரோடும் சேர்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள். ஆண்களே, அந்த இலையைப் பரிமாறும் வேலை உங்களுடையது.

விருந்தோம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வாங்க, இருங்க, எடுத்துக்கிடுங்க" என்று சொல்லாத வீடு இந்தச் சீமையில் உண்டா? அது நம் பெருமை. ஆனால் வந்தவர் போதும் என்ற பிறகும், "எனக்காக ஒண்ணே ஒண்ணு" என்று வாயருகே கொண்டுபோவது அன்பா? அவர் அன்று பத்து வீட்டுக்குப் போகிறார். பத்து வீட்டிலும் ஒண்ணே ஒண்ணு. கிறிஸ்துமஸ் காலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வரும் இளைஞர்களுக்கு நள்ளிரவில் ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் முறுக்கும் சுவீட்டும் கொடுக்கிறோம். ஒரு வீடு சுக்குக் காப்பி கொடுக்கட்டும், ஒரு வீடு கொய்யாப்பழம் வெட்டிக் கொடுக்கட்டும். சர்க்கரை இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லோடு விட்டுவிடுங்கள். அவரைக் கட்டாயப்படுத்தும் அன்பால் அவருடைய கண்ணும் சிறுநீரகமும் பாழாகும்.

கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பத்து நாள் கழித்துக் காறல் வாடை வந்த பிறகு வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் கொடுப்பது கொடை அல்ல. தெருக் கூட்டுகிறவருக்கும், பேப்பர் போடும் பையனுக்கும், காவல் இருக்கிறவருக்கும் முதல் நாளே, நாம் தொடுமுன், சூடு ஆறுமுன் எடுத்து வையுங்கள். அவர்களுக்கும் புதிதாகத் தின்ன உரிமை உண்டு.

ஐப்பசி, கார்த்திகை நமக்கு மழைக்காலம். மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது, நடப்பது நின்றுபோகிறது. பலகாரம் வருகிற மாதத்திலேயே நடை நிற்கிறது என்பதுதான் நம் கெடுதல். நடக்க மைதானம்தான் வேண்டுமா? நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் சங்கிலி மண்டபம் வழியாகச் சுற்றிவந்து பாருங்கள். எவ்வளவு நீண்ட பிரகாரங்கள்! கூரைக்குக் கீழே நடக்கலாம். மாடிப்படி ஏறலாம். மார்கழி வந்தால் விடியலில் எழுந்து கோலம் போடுங்கள். குனிந்து நிமிர்ந்து அரை மணி நேரம். இரவெல்லாம் விழித்துத் தொலைக்காட்சி பார்ப்பதை மட்டும் குறையுங்கள். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடும், மறுநாள் கை தானாகச் சம்படத்துக்குப் போகும்.

பொங்கலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் என் மனம் குளிர்கிறது. அந்தப் பண்டிகையில் வயல் இருக்கிறது. மகளுக்குப் பொங்கல்படி கொண்டுபோகிறோமே, அதில் என்ன இருக்கிறது? பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, அவரை, பூசணி, மஞ்சள், கரும்பு. அவித்த பனங்கிழங்கை நார் உரித்து மென்று தின்றால் வயிறு நிறைகிறது, மெல்ல மெல்லச் செரிக்கிறது, எண்ணெய் ஒரு துளி இல்லை. இரண்டு ஆண்டாக என்னிடம் வரும் சில குடும்பங்களுக்கு ஒரு யோசனை சொல்லி வருகிறேன்: பொங்கல்படியில் சுவீட் பெட்டி சேர்க்காதீர்கள், பனங்கிழங்குக் கட்டை இரண்டாக்குங்கள் என்று. செய்கிறார்கள். பிள்ளைகளும் விரும்பித் தின்கிறார்கள்.

முதலில் சொன்ன ஆசிரியர் அண்ணாச்சியைப் பற்றி முடிக்கவில்லை. போன ஆண்டு தீபாவளிக்கு அவர் வீட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். பலகாரம் வழக்கம்போலச் சுட்டார்கள். அன்று அவரும் இரண்டு அதிரசம் தின்றார், மனைவியோடு உட்கார்ந்து. மூன்றாம் நாள் மாலைக்குள் சம்படத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட வேண்டும் என்பதுதான் முடிவு. மீந்ததையெல்லாம் இரண்டாம் நாளே தெருவில் பங்கிட்டுவிட்டார்கள். வந்த பெட்டிகளை வந்த கையோடு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். தை மாதம் அவருடைய மூன்று மாதச் சர்க்கரை 6.9. எடை ஏறவில்லை. மருந்தில் நான் ஒன்றையும் மாற்றவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் உங்கள் வீட்டுச் சம்படத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். இன்னொன்றை இன்று ராத்திரியே செய்யலாம். வீட்டுக்குப் போனதும் ஒரு கயிறு எடுங்கள். மூச்சை விட்டு நின்று, தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றி அளந்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கயிறு. பேர் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்திலோ, வேதப்புத்தகத்துக்குப் பக்கத்திலோ, நீங்கள் தினமும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். தைப்பொங்கல் அன்று பானை பொங்கி முடிந்ததும் அதே கயிற்றை எடுத்து அதே இடத்தில் சுற்றிப் பாருங்கள். முடிச்சு எட்டவில்லை என்றால் மறுநாளே உங்கள் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். கோடை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.